வெள்ளி விழா மலருக்கு இரண்டு பக்கம்

ஊர் வரலாறு இரண்டு பக்கம் கேட்டார்கள்.
வரலாற்றுத் துறையின் கௌரவ விரிவுரையாளர் நான்
அன்று வராண்டாவில் அகப்பட்டேன்.
"கல்வெட்டு, ராஜா ஏதாவது இருந்தா
முதல்ல போடுங்க மேடம்."

ராஜா வந்ததாகத் தெரியவில்லை.
வந்திருந்தால் தண்ணீர் கேட்டிருப்பார்.
இல்லையென்றதும்
சேலத்துக்கே திரும்பியிருப்பார்.

பேர் கருப்பூர். மண் வெள்ளை.
சுண்ணாம்புக் கரட்டை வெட்டிக் கொட்டிய மேட்டிலிருந்து
காற்று சுமந்துவரும் பொடியில்
வேம்பு வெள்ளை, எருமை வெள்ளை.
மாலை ஐந்து மணிக்கு என் ஸ்கூட்டி இருக்கையில்
எவனோ விரலால் எழுதிப்போன 'ரோகிணி' மட்டும்
கருப்பு.

கிழக்கே சேர்வராயன் மலை.
மழை அதுவரைக்கும் வரும்.
ஏற்காட்டில் காபிச்செடி நனைவதை
விடுதி மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம்.
எங்களுக்கு வருவது வாசனை,
அதுவும் காற்று மனது வைத்தால்.

தண்ணீர் லாரி பச்சியண்ணனைக் கேட்டேன்.
நூலகம் நிற்பது அவருடைய மூன்று ஏக்கரில்.
"பொன்னு வெளஞ்ச பூமின்னு எழுதிப்புடாதீங்க.
நாலு வருசத்துக்கு ஒருக்கா சோளம் வெளஞ்சுது.
கெணறு நூத்திப்பத்தடி.
குனிஞ்சு கூப்பிட்டா எம்பேருதான் திரும்பி வரும்.
இப்ப ஒரு நாளைக்கு ஆறு லோடு,
பொண்ணுங்க விடுதிக்கே மூணு.
படிப்பு வந்துதான் இந்த ஊருக்குத்
தாகமே வந்துச்சுங்க."

கார், குறுவை இங்கே கிடையாது.
செமஸ்டர் உண்டு, அரியர் உண்டு.
ஏப்ரலில் ஜெராக்ஸ் கடைகள் பூக்கும்.
மே மாதம் நாய்கள் மெலியும்,
ஜூலையில் தருமபுரி பஸ் வந்து நின்றதும் தேறும்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
ஊர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடும்.
ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருப்பது
வாட்ச்மேன், சுங்கச்சாவடிப் பெண்கள்,
முனைவர் பட்டம் ஏழாவது வருடமாக ஓடுகிறவர்கள்,
மூன்று மாதச் சம்பளம் வராத நான்.

விருந்தினர்கள் நட்ட மரங்களுக்குப்
பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.
பலகைகள் நன்றாக இருக்கின்றன.
யாரும் நடாத வேலிகாத்தான்
கணிதத் துறை ஜன்னலைத் தட்டுகிறது.

மலையிலிருந்து இறங்கி நிலவியல் படிக்க வந்தவள் செல்லக்கிளி.
ஆளுக்கு அரை வாளி என்று விடுதியில் சொன்ன அன்று
மூலையில் உட்கார்ந்து அழுதாளாம்,
வீட்டுப் பக்கத்தில் ஓடை போகிறதாம்.
இப்போது அரை வாளியில் தலைக்கே குளிக்கிறாள்.
உள்ளங்கையில் ஒரு வெள்ளைக்கல்லை வைத்துக்காட்டிச் சொன்னாள்:
"லேசுல உருகாது மேடம்.
இரும்பு காய்ச்சுற உலைக்கு
உள்சுவரே இதுலதான் கட்டுறாங்க."
இதுதான் இந்த ஊரின் குணம் என்று
ஒரு வரி எழுதினேன்.
ரொம்ப அழகாக இருந்தது. அடித்துவிட்டேன்.

ஆறு பக்கம் எழுதி
நாலாகக் குறைத்து
இரண்டாக்கிக் கொடுத்தேன்.

மலர் வந்தது, வழவழப்புத் தாளில்.
'நகரிலிருந்து சிறிது தொலைவில்
இயற்கை எழில் சூழ அமைந்துள்ளது.'
என்னுடையதில் மிஞ்சியது அவ்வளவுதான்.
அதுவும் நான் எழுதியதல்ல.
கீழே முழுக்க ஒரு நகைக்கடை.

"எம்பேரு வந்திருக்குதுங்களா?" என்றார் பச்சியண்ணன்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.
கொடியேற்றம். வரிசையாய்ச் சால்வைகள்.
அவற்றின் பின்னால், ஓரத்தில், பாதி லாரி.

கண்ணருகே கொண்டுபோய்
வெகுநேரம் பார்த்தார்.
"அட, அன்னிக்கே வால்வு ஒழுகியிருக்குது பாருங்க,"
என்று மலரை என் கையில் திணித்துவிட்டு
ஸ்பானர் தேடப் போனார்.